பிழை திருத்துவோரும் நாவடக்கமும்

கணினி மென்பொருள்களுள் திறந்த மூலத்தன என ஒரு வகை உண்டு. அவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். ஊதியம் பெறுவோரும் பெறாதோருமாகிய பல நாட்டார், ஒருவர் முகத்தை ஒருவர் காணாது, பெரும்பாலும் எழுத்தினாலேயே உரையாடி இவற்றை ஆக்குகின்றனர். முகக்குறிப்பும் குரலும் தணிக்காத கடுஞ்சொல் அங்கே முழு வன்மையோடு தைக்கும். தைக்கப்பட்டவருட் பலர் வழக்காடுவதில்லை; வாளா விலகிவிடுவர். அவர்கள் செய்திருக்கக்கூடிய பணி எத்துணை என்பதை எவர் கணக்கிட வல்லார்?

லினக்ஸ் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அம்முயற்சியில், நிரலைத் திருத்துமிடத்து வன்சொல் வழங்குதல் நெடுங்காலம் பழகிப்போயிருந்தது. 2015 இல் சுருக்கமானதோர் அறிக்கை வகுக்கப்பட்டது. கடுமையான கண்டனத்தை எதிர்பார்க்குமாறு அது எச்சரித்தது. மனம் புண்பட்டோர் முறையிட இடமும் காட்டியது. எவையெவை குற்றம் என்பதை வகுத்துரைக்கவில்லை. 2018 செப்டெம்பரில் டோர்வால்ட்ஸ் தமது சொற்கடுமைக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கோரிச் சிலகாலம் ஒதுங்கியிருந்தார். தக்க நடத்தையையும் தகாத நடத்தையையும் பெயர்சுட்டிக் கூறும் ஒழுக்கக்கோவை அப்பொழுதே பழைய அறிக்கையின் இடத்தைப் பெற்றது. அடுத்த மாதம் அதற்கு ஒரு விளக்கவுரையும் சேர்க்கப்பட்டது. நூற்பாவுக்கு உரை வேண்டும் என்பதை அவர்களும் உணர்ந்தனர் போலும்!

கண்டிப்புக் குறைந்தால் நிரலின் தரமுங் குறையும் என்பர் சிலர். யான் அதற்கு உடன்படேன். நன்னூலார் நூற்குற்றம் பத்தென வகுத்தார். அவை யாவும் நூலின்மேலன; ஆக்கியோனைப் பழிப்பது ஒன்றேனும் அவற்றுள் இல்லை. “இந்நிரல் இன்ன இடத்துப் பிழைபடும்” என்பது திறனாய்வு. “இதனை எழுதியவன் மூடன்” என்பது வசை. முன்னையதால் நிரல் திருந்தும். பின்னையதால் எழுதியவர் நீங்குவர், பிழையோ அங்கேயே கிடக்கும்.

ஆதலின், கோவை வகுப்போர் “நல்லவராய் இருங்கள்” என்று எழுதி அமைதல் போதாது. விலக்கப்படுவன எவை, முறைப்பாட்டை ஏற்போர் யாவர், முறையிட்டவர் எவ்வாறு காக்கப்படுவர், குற்றத்துக்கேற்ற நடவடிக்கை யாது என்னும் நான்கும் ஐயமற விளங்கல் வேண்டும். முறைப்பாடு தலைவர்மேலேயே எழுமாயின் விசாரிப்பவர் யார் என்பதும் எழுதப்படல் வேண்டும். தலைவரைக் கட்டாத விதி எளியோரை மட்டுமே கட்டும். அத்தகைய விதியிலும் விதி இல்லாதிருத்தலே நன்று.