58 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையே: பெங்களூரு தெற்கில் முதியோருக்கான வாக்குறுதிகள் யாருக்கு, எவ்வளவு?

பெங்களூரு: 2024 மக்களவைத் தேர்தலின் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 26-ஆம் தேதி நடைபெற்றது. பெங்களூரு தெற்குத் தொகுதியில், அப்போதைய உறுப்பினரான பாஜக வேட்பாளர் தேஜஸ்வி சூர்யாவை எதிர்த்து, ஜெயநகர் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் சௌமியா ரெட்டி காங்கிரஸ் சார்பில் களம் இறங்கினார். இத்தொகுதியில் அடங்கிய எட்டு சட்டமன்றத் தொகுதிகளுள் பொம்மனஹள்ளியும் ஒன்று. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில், முதுமைக்கான பணமும் மருத்துவமும் தேர்தல் காலத்துப் பேச்சு மட்டுமல்ல.

2016-இல் அது வெளிப்படையாகவே தெரிந்தது. வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க இயலாது என 2016 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதை எதிர்த்து ஏப்ரல் 18-ஆம் தேதி ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பொம்மனஹள்ளி அருகே ஓசூர் சாலையில் திரண்டனர். மறுநாள் போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அன்றே திருத்தத்தைத் திரும்பப் பெறுவதாக மத்திய அரசு அறிவித்தது. ஆயினும், வேலையை விட்ட பின் எதை நம்பி வாழ்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளும் அதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்தன.

மருத்துவக் காப்பீடு

ஏப்ரல் 14-ஆம் தேதி வெளியான பாஜக அறிக்கை, 70 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ப்பதாக உறுதியளிக்கிறது. 2018-இல் தொடங்கப்பட்ட இத்திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்குகிறது. கர்நாடகத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு இந்த முழுத் தொகை உண்டு. மற்றக் குடும்பங்களுக்குச் சிகிச்சைக் கட்டணத்தில் 30 விழுக்காடு மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் கிடைக்கிறது. ஆகவே, குடும்ப அட்டையின் வகையால் அதுவரை முழுப் பயன் பெறாத 70 வயதைக் கடந்தோருக்கு இந்த வாக்குறுதி பெரிய மாற்றமாக இருந்தது. 60 முதல் 69 வயது வரையுள்ளோருக்கு இதனால் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

ஏப்ரல் 5-ஆம் தேதி வெளியான காங்கிரஸ் அறிக்கை வயது வரம்பு வைக்கவில்லை. ராஜஸ்தானில் அக்கட்சி ஆட்சியில் இருந்தபோது செயல்படுத்திய முறையைப் பின்பற்றி, 25 லட்சம் ரூபாய் வரையிலான கட்டணமில்லாக் காப்பீட்டை நாடு முழுவதும் கொண்டுவருவதாகக் கூறுகிறது. அந்த மாநிலத்தில் 2021-இல் 5 லட்சமாகத் தொடங்கிய தொகை, படிப்படியாக உயர்ந்தே 2023-இல் 25 லட்சத்தை எட்டியது. அதே உயரத்தை நாடு முழுவதும் எட்டுவதற்கான நிதியே இங்கு எழும் கேள்வி.

காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகள் அதற்குள் வருவதில்லை. அச்செலவுக்கு, 80 விழுக்காடு வரை விலை குறைவான மருந்துகளை விற்கும் மக்கள் மருந்தகங்களை விரிவுபடுத்துவதாக பாஜக கூறுகிறது. அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் உட்பட அனைத்தும் இலவசம் என்கிறது காங்கிரஸ்.

ஓய்வூதியம்

தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு மத்திய அரசு மாதம் 200 ரூபாயும், 80 வயதைக் கடந்தோருக்கு 500 ரூபாயும் தருகிறது. இந்த 200 ரூபாய் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாறவில்லை. இதை 1,000 ரூபாயாக உயர்த்துவதாக காங்கிரஸ் அறிவித்துள்ளது. பாஜக அறிக்கையில் இதற்கென எந்தத் தொகையும் தரப்படவில்லை. கொரோனா பரவலின்போது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட, முதியோருக்கான ரயில் கட்டணச் சலுகையை மீட்பதாகவும் காங்கிரஸ் சொல்கிறது.

ஆனால் கர்நாடக முதியோர் அனைவரும் மத்திய அரசின் பட்டியலில் இல்லை. 65 வயதைக் கடந்தோருக்கு மாதம் 1,200 ரூபாய் வழங்கும் சந்தியா சுரக்ஷா முழுவதும் மாநில நிதியில் இயங்குவது. மத்திய அரசு தன் பங்கை உயர்த்தினாலும், அத்திட்டத்தில் உள்ளோருக்குத் தொகை தானாக உயராது.

இடையில் உள்ள ஆண்டுகள்

ஆடைத் தொழிலாளி ஒருவரின் கணக்கு வேறு. 58 வயதில் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, சராசரி ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்து ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. 12,000 ரூபாய் ஊதியமும் 15 ஆண்டுப் பணியும் எனக் கொண்டால், மாதம் சுமார் 2,570 ரூபாய். பத்து ஆண்டுகள் நிறைவு செய்யாதோருக்கு மாத ஓய்வூதியமே இல்லை. குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாயாகவே உள்ளது. அதை 7,500 ஆக்கக் கோரி ஓய்வூதியர்கள் தொடர்ந்து போராடி வருகின்றனர். இரு கட்சிகளும் மூத்த குடிமக்களுக்கென அளித்துள்ள வாக்குறுதிகளில் இக்கோரிக்கை இடம்பெறவில்லை.

மருத்துவத்துக்கு ஒரு வழி ஏற்கெனவே உண்டு. குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஈ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைவருக்கும் சிகிச்சையைத் தொடரலாம். ஆனால் ஓய்வு வயதுக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு தையற்கூடத்தை விட்டு வெளியேறுவோருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு பாஜகவின் காப்பீடு 70 வயதில்தான் கிடைக்கும். காங்கிரஸின் ஓய்வூதிய உயர்வோ 60 வயதில், அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் என்றால் மட்டுமே.

இரு வாக்குறுதிகளுக்கும் பொதுவான ஒரு நிபந்தனையும் உண்டு. ஆயுஷ்மான் பாரத் செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. ஓய்வூதியத்திலும் பெரும்பங்கு மாநிலத்துடையதே. டெல்லியில் யார் ஆட்சி அமைத்தாலும், பெங்களூரில் உள்ள அரசின் ஒத்துழைப்பின்றி இவை முழுமையாகக் கைசேரா.

எனவே வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் பொம்மனஹள்ளி வாக்காளர் கேட்க வேண்டியது, எத்தனை லட்சம் என்பதை மட்டுமல்ல. எந்த வயதிலிருந்து, எந்த அட்டைக்கு, மாநிலத்தின் பங்கை யார் தருவார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 58 வயதில் வேலையை இழப்பவருக்கு 70 வயது என்பது பன்னிரண்டு ஆண்டுத் தொலைவு.