பிரேக் ஒயிலை ஊற்றிக்கொண்டு ஓடுவது திருத்தவேலை அல்ல

விடுமுறை தொடங்கிவிட்டது. கிழக்கில் நம் ஊர்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கதைதான், நுவரெலியாவுக்கு என்றைக்குப் போவது. உம்மா, வாப்பா, மாமி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஜீப்பில். டயருக்குக் காற்று அடிப்போம், ஏசி குளிர்கிறதா என்று பார்ப்போம். பொனட்டைத் திறக்கும்போது பிரேக் ஒயில் குறைந்திருந்தால், "ஒரு போத்தல் வாங்கி ஊத்துங்க, சரியாகிரும்" என்று சொல்ல யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்பார். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

உறவுகளே, பிரேக் ஒயில் பெற்றோல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் அல்ல. மூடிய குழாய்க்குள் இருப்பது. அது குறைய இரண்டு காரணங்கள்தான் உண்டு. பிரேக் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும். அதற்கு மாதக்கணக்கு எடுக்கும். பேட் நல்ல தடிப்போடு இருந்தும் குறைகிறதா, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறதா, அப்படியென்றால் எங்கோ ஒழுகுகிறது. எங்கே என்று தெரியாமல் மேலே ஊற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

சென்ற தவணை விடுமுறையில் எங்கள் வீட்டு ஜீப்பிலும் மட்டம் இறங்கியிருந்தது. இரவு வண்டிக்கு அடியில் பழைய கார்ட்போர்ட் மட்டைகளை விரித்து வைத்தோம். காலையில் மட்டையில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் நான்கு சில்லுகளின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்தபோது பின் இடப்பக்க டயரின் உட்சுவர் ஈரமாக இருந்தது. என்ஜின் ஒயில் கறுப்பாக, பிசுக்காக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் போகாது. இது தெளிந்த மஞ்சள், வழுவழுப்பு, தண்ணீரில் கழுவுப்படும். பெயின்டில் பட்டால் பெயின்டையே தின்றுவிடும், அதனால் கையை உடனே கழுவுங்கள்.

கராஜில் ட்ரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசு ரப்பரைத் தூக்கியதும் ஒயில் வடிந்தது. உள்ளே சீல் போய்விட்டது. லைனர் முழுக்க ஊறிப்போயிருந்தது. முதல் பாஸ் சொன்ன யோசனை, லைனரை நெருப்பில் வாட்டி, சாண்ட் பேப்பர் போட்டு, சீலைப் பெற்றோலில் கழுவிப் பூட்டுவோம் என்று. செலவு குறைவுதான். ஆனால் ஊறிய லைனர் மீண்டும் சரியாகப் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் பட்டால் அந்த வகை ரப்பர் ஊதிப் பருத்துவிடும். நாங்கள் வேறு பாஸிடம் போய் இரண்டு பின் சில்லுக்கும் சிலிண்டர், லைனர் எல்லாம் புதிதாகவே போட்டோம். ஒரு பக்கம் போனால் மறுபக்கத்துக்கும் அதே வயதுதானே.

எல்லா லீக்கும் இப்படி டயரில் தெரியாது. மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் ஒயில் நேராக பூஸ்டருக்குள் போய்ச் சேரும், நிலத்தில் ஒரு துளியும் விழாது. மட்டம் குறைகிறது, எங்கும் ஈரமில்லை என்றால் அங்கே பாருங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் உப்புக் காற்றுப் பட்டு இரும்புப் பிரேக் குழாய் துருப்பிடிக்கும், அது அடியில் சேறு மூடிக் கிடக்கும். சில்லுக்குப் போகிற ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். ஒழுகுகிற குழாயை நசுக்கி அடைத்து மூன்று சில்லில் ஓட விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்பவரிடம் வண்டியைத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே பத்து, பதினைந்து, இருபது வருட வண்டிகளைத்தான் நாம் இன்னும் பல காலம் ஓட்டப்போகிறோம். அந்த வயதில் ரப்பரும் குழாயும் போவது இயல்பு. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடா வருடம் புகையைப் பரிசோதிக்கிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். நம் வீட்டு ஜீப்பின் பிரேக்கை மட்டும் யாரும் கேட்பதில்லை. புகைப் பரிசோதனைக்குப் போகிற அதே நாளில் நான்கு சில்லையும் கழற்றிப் பார்க்கும் ஒரு பரிசோதனையும் கட்டாயமாக வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கட்டணம் கூடும் என்று முணுமுணுப்பார்கள், கூடட்டும். சீட் கவருக்கும் சவுண்ட் செட்டுக்கும் கணக்குப் பார்க்காத நாம் இதற்கு மட்டும் ஏன் பேரம் பேசுகிறோம்?

இன்னொன்று. பழைய ஒயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 புதிதாக 205 பாகை செல்சியஸிலாவது கொதிக்கும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், ஒயில் ஆவியாகி மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். லீக் திருத்தும்போது பழைய ஒயிலை முழுதாக எடுத்துவிட்டு, மூடியில் எழுதியிருக்கும் டொட் இலக்கத்தையே ஊற்றச் சொல்லுங்கள். காற்று எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஹைபிரிட் வண்டி என்றால் ஸ்கேனர் இல்லாத கராஜில் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

கண்டிக்குப் போகும் நம்மவர்கள் 18 வளைவு ஏறுமுன் மஹியங்கனையில் தேநீருக்கு நிறுத்துவது வழக்கம்தானே. பிள்ளைகள் இறங்கி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போதே மிதியை அழுத்தி முப்பது எண்ணுங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் மலை ஏற வேண்டாம், அங்கேயே ஒரு கராஜைத் தேடுங்கள்.