ஆறு பேர் கொட்டகைக்கு ஐந்து படி எதற்கு?

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை. அக்காவைக் கொடுத்தது இடுக்கி மறையூரில். மச்சான் அங்கே கரும்பாலைக் கொட்டகை வைத்து உருண்டை வெல்லம் காய்ச்சுகிறார். மொத்தம் ஆறு பேர் வேலை. நான் கடல் தாண்டி ஒரு மென்பொருள் கம்பெனியில் 'பிராசஸ்' பார்ப்பவன். ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் அதோடு புத்திமதியும் சேர்த்து அனுப்புவது வழக்கம்தானே :-)

மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி தரம் முக்கியம் என்று, 2022 லீவில் போனபோது பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்று தயார் பண்ணிக் கொடுத்தேன். ஆபீசில் நான் கட்டி அழுகிற சிஎம்எம்ஐ-யின் குட்டி அவதாரம். மச்சான் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லா நாளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே எண். ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது!

"நீ வருத்தப்படுவேன்னுதான் எழுதினேன் மாப்ள" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வருஷம் பாகுக்குப் பதம் பார்க்கும் பெரியவருக்குக் கண் ஆபரேஷன். அவர் இல்லாத பதினைந்து நாளில் பல கொப்பரை உருண்டை பிடிக்கவே இல்லை, கையில் ஒட்டியது. வியாபாரி மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மாதக் கூலிக்கு அக்காவின் வளையல் அடகுக்குப் போனது. என் பன்னிரண்டு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை.

அப்புறம்தான் யோசித்தேன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1991-ல் சிஎம்எம்-ஐ வெளியிட்டபோது முன்னால் இருந்தவை பெரிய ராணுவ ஒப்பந்தக் கம்பெனிகள். அதன் வழிவந்த சிஎம்எம்ஐ-யிலும் ஐந்து படிகள். முதல் படியின் அடையாளம், வேலை ஒரு சில கெட்டிக்காரர்களை நம்பி நடப்பது. பெரியவரை நம்பிய எங்கள் கொட்டகை அதேதான்! நோயைச் சரியாகச் சொல்கிற சட்டகம்தான். ஆனால் மருந்தின் அளவு ஆயிரம் பேருக்கானது. 25 பேர் வரையுள்ள சின்ன அமைப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 29110 என்ற தரத்தொகுதியே 2011 முதல் தனியாக வர ஆரம்பித்தது. பெரியவர்களின் சட்டை சின்னவர்களுக்குப் பொருந்தாது என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

படிவத்தைத் தூக்கிப் போட்டோம். கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு. கரும்பு எந்தக் காடு, எப்போது வெட்டியது, சுண்ணாம்பு எவ்வளவு, இறக்கியது யார். மறுநாள் உருண்டை எப்படி என்று ஒரு டிக். ராத்திரி அக்கா மகள் அதை நோட்டில் ஏற்றுவாள். அவ்வளவுதான்.

ஆறே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஒட்டியதெல்லாம் வெட்டி இரண்டு மூன்று நாள் கிடந்த கரும்பு. நாள்பட்டால் கரும்பில் உள்ள சர்க்கரை உடைந்துவிடும், வெல்லம் இறுகாது. பெரியவரிடம் கேட்டால், "அதை நான்தான் எப்பவும் ஒதுக்கச் சொல்வேனே!" என்கிறார். வாயால் சொன்னது, அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இப்போது ஒரு இளவட்டப் பையன் அவர் பக்கத்தில் நின்று பதம் பழகுகிறான்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் அண்ணன் தம்பி கடையை, பட்டறையை 'சரி பண்ண' நினைக்கும் நம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆபீஸ் படிவத்தை அனுப்பாதீர்கள், அதன் கேள்வியை மட்டும் அனுப்புங்கள். எந்த ஆள் வராவிட்டால் வேலை நிற்கும்? போன தடவை கெட்டுப்போனது ஏன்? பதிலை எழுதும் இடத்தை அங்கே உள்ளவர்களே முடிவு செய்யட்டும். நிரப்புகிறவருக்குப் பயன்படாத கட்டம் ஒன்று இருந்தாலும் அது பொய்யால்தான் நிரம்பும்.

அக்காவின் வளையல் போன தை மாதம் திரும்பி வந்துவிட்டது. சிலேட்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது, ஓரமெல்லாம் பாகு ஒட்டி.