கண்ணாடியைக் கல்லாக்கும் நீர்

கல்லில் செதுக்கியது அழியாது என்பார்கள். காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலைப் பார்த்த மாணவர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய அக்கோயிலின் மணற்கல் சிற்பங்கள் பல தேய்ந்துவிட்டன. அடிவரிசைக் கருங்கல்லோ உறுதியாக நிற்கிறது. நீரும் காற்றும் எல்லாக் கல்லையும் ஒரேபோல் நடத்துவதில்லை.

கல்லுக்கே இந்நிலை என்றால் கண்ணாடிக்கு? காஞ்சிக்குத் தென்கிழக்கே கடற்கரையில் உள்ள கல்பாக்கத்தைப் பற்றி எண்ணினால் இக்கேள்வியின் கனம் புரியும். அங்கும், டிராம்பேயிலும், தாராப்பூரிலும் கடுங்கதிர்வீச்சுள்ள அணுக்கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலங்களில் உறைய வைக்கிறார்கள். அக்கழிவிலுள்ள சில தனிமங்களின் கதிர்வீச்சு பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். அதுவரை கண்ணாடி தாங்குமா?

எந்தச் சோதனைச்சாலையும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆனால் எரிமலைகள் அச்சோதனையை முன்பே செய்து வைத்துள்ளன. எரிமலைக் குழம்பு படிகமாவதற்குள் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடியாகிறது. அதில் நீர் பட்டால் சோடியம், கால்சியம் போன்றவை மெல்லக் கரைந்து வெளியேறுகின்றன. நீர் உள்ளே புகுகிறது. மேற்பரப்பு 'பாலகோனைட்' என்னும் பழுப்புநிறப் பொருளாகிறது. நாளடைவில் களிமண் கனிமங்களும் சியோலைட்டுகளும் தோன்றி, உதிரிச் சாம்பலைக்கூட ஒட்டிக் கெட்டிப்பாறையாக்குகின்றன.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும்? ஐஸ்லாந்து அருகே 1963 முதல் 1967 வரை பொங்கிய சர்ட்சி எரிமலைத் தீவில், வெப்பமும் நீராவியும் சில ஆண்டுகளிலேயே சாம்பலைப் பாறையாக்கிவிட்டன. நம் தக்காணத்திலோ, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைப் பாறைகளில் கண்ணாடித் துணுக்குகள் இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றை அணுக்கழிவுக் கண்ணாடியோடு நம் அறிவியலார் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர்.

ஆகவே, "கண்ணாடியில் அடைத்தாயிற்று, இனிக் கவலையில்லை" என்பாரும் தவறுகிறார்கள். "நீர் பட்டால் எல்லாம் கரைந்துவிடும்" என்று அஞ்சுவாரும் தவறுகிறார்கள். நீரின் வெப்பம் என்ன, அது தேங்குகிறதா, ஓடுகிறதா என்பவையே வேகத்தை முடிவு செய்கின்றன. மாறிய மேற்படலம் உள்ளிருக்கும் கண்ணாடிக்கு ஓரளவு காப்பாவதும் உண்டு. சியோலைட் சீசியத்தைப் பிடித்து வைக்கவும் வல்லது.

கண்ணாடியைத் தேர்ந்தது சரியே என்பது என் கருத்து. ஆனால் பாதுகாப்பின் மறுபாதி, அதைப் புதைக்கப்போகும் இடத்தில் இருக்கிறது. நிலத்தின் ஆழத்தில் நிரந்தரமாகப் புதைப்பதற்கான களஞ்சியம் இந்தியாவில் இன்னும் அமைக்கப்படவில்லை. அதற்குமுன் பாறையின் வெடிப்புகளில் நிலத்தடி நீர் செல்லும் வழியைத் தீர அறிய வேண்டும்; அறிந்ததை மக்கள் முன் வைக்கவும் வேண்டும். இயற்பியலார் மட்டும் செய்யக்கூடிய வேலையன்று இது. கல்லின் மொழி படிக்கத் தெரிந்தவர்கள் தேவை. உங்களில் சிலர் நிலவியல் பயில முன்வர வேண்டும். நாம் புதைப்பதற்குக் காவல் இருக்கப்போகிறவர்கள் இன்னும் பிறக்காதவர்கள் அல்லவா?