ஆள்தான் மாறினார், எதிரி மாறவில்லை

"அருட்தந்தை சார்லஸ் காஃப்லின் முதலில் ஏழைகளின் குரல், அரசியல்தான் அவரைக் கெடுத்தது" என்கிறார் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவர். கேட்க இதமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

1926இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் வானொலியில் பேசத் தொடங்கிய இந்தப் பாதிரியார், 1932இல் ரூஸ்வெல்ட் அதிபராக வராவிட்டால் நாடே அழியும் என்றார். 1936இல் கிளீவ்லாந்து மேடையில், பாதிரிக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு, அதே ரூஸ்வெல்ட்டைப் பொய்யர் என்று திட்டினார். இதுதான் கட்டுரையாளர் சொல்லும் 'மனமாற்றம்'. ஆனால் பெருமந்தக் காலம் முழுக்க அவர் கைகாட்டிய வில்லன் 'சர்வதேச வங்கியாளர்'தான். 1938இல் அவருடைய பத்திரிகை யூதர்மீது பழிபோடும் போலி ஆவணத்தை அச்சிட்டபோது, அந்த வில்லனுக்குப் பெயர் வைத்தார், வேறொன்றுமில்லை.

ஏழைகளின் குரல் என்பதையும் பார்த்துவிடலாம். வெள்ளியைப் பணமாக்கினால் பஞ்சம் தீரும் என்று ஒலிபரப்பில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். 1934இல் நிதித்துறை வெளியிட்ட வெள்ளி முதலீட்டாளர் பட்டியலில் அவருடைய செயலாளர் பெயர், 5 லட்சம் அவுன்ஸ்! கட்டுரையில் இது ஏன் விடுபட்டதோ.

1936 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராகத் தான் ஆதரித்த வேட்பாளர் லெம்கேவுக்கு 90 லட்சம் வாக்கு வாங்கித் தராவிட்டால் வானொலியை விட்டே போகிறேன் என்றார். 9 லட்சம்கூடத் தேறவில்லை. போனார், 1937 ஜனவரியிலேயே திரும்பிவந்தார். கடைசியில் 1942இல் பேராயர் மூனி தலையிட்ட பிறகுதான் அரசியலை விட்டார். இதில் மனம் எங்கே மாறியது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.