கடைசிப் புண்ணியம்

கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பில் தலையான நற்பண்புகள் நான்கு என்று சொல்லித் தருவார்கள்: விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம். தொழிலாளிக்குப் பிரசங்கம் என்றால் மட்டும் நமக்குக் கடைசி ஒன்றுதான் ஞாபகம் வரும். கிடைத்ததை வைத்துச் சந்தோஷமாக இரு!

2021 டிசம்பரில் ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதிச் சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில். சிலருக்குத் தரையில்தான் படுக்கை, கழிப்பறைக் குழாயில் தண்ணீர் இல்லை. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பேசினார்கள். எனக்கென்னவோ அந்த மூன்றாவது பண்புதான் சாலையில் உட்கார்ந்திருந்ததாகப் பட்டது.

செல்வத்தில் பேரின்பம் இல்லை என்று அடித்துச் சொன்னவர் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். அறத்தோடு வாழ உடம்புக்கு வேண்டியது போதிய அளவு வேண்டும் என்றவரும் அவரேதான். அதை 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை குறித்த ‘ரேரும் நோவாரும்’ மடலில் எடுத்துக்காட்டினார். பிரசங்கங்களில் இந்தப் பாதி அதிகம் காதில் விழுவதில்லை. அந்தப் பெண்கள் சாலைக்கு வந்த பிறகு ஆப்பிள் நிறுவனம் ஆளனுப்பி, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமில்லை என்று ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு நெடுஞ்சாலை நிற்க வேண்டியிருந்தது.