விரிதாளும் விடுதலையும்

சென்ற தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகளைப் பதிந்து கொண்டிருந்த வேளையில், எமது ஆசிரியர் அறையிலே சிறு வாதம் ஒன்று எழுந்தது. கல்லூரிக் கணினியில் ‘லிப்ரே ஒபிஸ்’ என்னும் மென்பொருளை நிறுவி, அதன் உறுப்பாகிய ‘கல்க்’ என்ற விரிதாளிலே இனிப் புள்ளிகளைப் பதிவோம் என்று யான் கூறினேன். கணிதம் கற்பிக்கும் நண்பர் நகைத்தார். “பண்டிதர் ஐயா, அது இலவசமாகக் கிடைப்பதல்லவா? காசு கொடாமற் பெற்ற பொருளை நம்பிப் பிள்ளைகளின் புள்ளிகளை ஒப்படைக்கலாமோ?” என்றார். அவர் ஐயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், அது ஒரு சொல்லின் மயக்கத்திற் பிறந்த ஐயம். அம்மயக்கத்தை நீக்குதல் தமிழாசிரியன் கடமை ஆதலின் இதனை எழுதப் புகுந்தேன்.

ஆங்கிலத்தில் ‘பிறீ’ என்பது பல பொருள் ஒரு சொல். விலையில்லாதது என்பதும் அதன் பொருள்; கட்டில்லாதது என்பதும் அதன் பொருள். 1983ஆம் ஆண்டு ‘குனூ’ திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்தைத் தொடக்கிய அமெரிக்கராகிய றிச்சட் ஸ்ரோல்மன், தாம் கருதியது விலையை அன்று, உரிமையையே என்று மீண்டும் மீண்டும் விளக்க வேண்டியவரானார். தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு என்பதை நம் மொழி இரு சொல்லாற் காட்டி நிற்கின்றது. ‘கட்டற்ற மென்பொருள்’ என நம்மவர் ஆக்கிய தொடர் மூலத்தினும் தெளிவுடையது என்பதிற் பெருமை கொள்ளலாம்.

அவ்வியக்கத்தார் கூறும் உரிமைகள் நான்கு. எந்நோக்கத்திற்கும் மென்பொருளை இயக்குதல் ஒன்று. அது தொழிற்படுமாற்றை அதன் மூலநிரலிற் கண்டு ஆராய்ந்து, வேண்டியவாறு மாற்றுதல் ஒன்று. படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல் ஒன்று. தாம் திருத்திய படியையும் பிறர்க்கு வழங்குதல் ஒன்று. இந்நான்கினுள் விலையைப் பற்றிய பேச்சே இல்லை. படியெடுத்து வழங்கும் உரிமை யாவர்க்கும் உண்டாகவே, விலை தானாகவே அற்றுப் போகின்றது, அவ்வளவே.

இவ்வுரிமைகள் விரிதாளுக்கு ஏன் சிறப்பாக வேண்டும்? விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களும் கொண்டு கட்டம் கட்டமாக வகுத்த கணக்கேடு. 1979இல் டான் பிறிக்லின், பொப் பிராங்ஸ்ரன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய ‘விசிக்கல்க்’ வெளிவந்த நாள் முதல், ஓரிடத்தில் ஓரெண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறும் அற்புதத்தை உலகம் கண்டது. வசதி பெரிது, அதனுள் ஆபத்தும் ஒன்று உண்டு. கையாற் கூட்டிய கணக்கில் கூட்டல் கண்முன் நிற்கும். விரிதாளிலோ விடை மட்டுமே கண்முன் நிற்கும். கூட்டிய வழி உள்ளே மறைந்து கிடக்கும். விடை வழுவற அச்சிட்டாற்போல நிற்றலின், அதனை ஐயுறுவாரும் அரியர். ஆகவே மறைந்து கிடக்கும் அவ்வழியை வேண்டியபோது திறந்து பார்க்க இயல வேண்டும்.

இதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். ‘நியூமெரிக்’ என்பது கட்டற்ற விரிதாள்களுள் ஒன்று. மெக்சிக்கோ நாட்டவரான மிகேல் டி இக்காசா தொடங்கிய அதன் முதலாம் பதிப்பு 2001ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் ‘எக்செல்’ விரிதாளை முன்மாதிரியாகக் கொண்டு அது ஆக்கப்பட்டது. பி. டி. மக்கலக் என்னும் ஆய்வாளர் இரண்டையும் புள்ளியியற் கணிப்புகளாற் சோதித்தார். எக்செலிற் கண்ட பிழைகளை ஒத்த பிழைகள் நியூமெரிக்கிலும் இருந்தன! மூல ஏட்டின் வழுவையும் விடாது பெயர்த்தெழுதிய ஏட்டெழுத்தாளன் கதையாயிற்று அது.

பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. பிழைகளை அறிவித்ததும் நியூமெரிக் ஆக்கியோர் அவற்றை ஒப்புக்கொண்டு திருத்தத் தலைப்பட்டனர். ‘ஆர்’ என்னும் கட்டற்ற புள்ளியியல் மொழியிலே தேர்ந்த கணிப்புநெறிகள் முன்னமே இருந்தன. அவற்றை எடுத்தாள அவர்களுக்கு உரிமையும் இருந்தது. சில பதிப்புகளுக்குள் பிழைகள் பெரும்பாலும் நீங்கின. எக்செலிலோ அவை பதிப்புப் பல கடந்தும் நீங்கவில்லை என 2004இல் வெளியிட்ட கட்டுரையில் மக்கலக் எழுதினார். பிற்காலப் பதிப்புகளில் எக்செலும் பல திருத்தங்களைப் பெற்றது என்பதையும் நடுநிலை பற்றிக் கூறல் வேண்டும். கட்டற்றது பிழையற்றதாகவே பிறக்கும் என்பது இக்கதையின் கருத்தன்று; பிறந்தபோது இரண்டும் பிழையுடையனவே. பிழையைக் கண்டவன் உட்புகுந்து காரணத்தை ஆராயவும் திருத்தவும் வழி உண்டா என்பதே வேற்றுமை.

தமிழ் கற்றோர்க்கு இது புதுமையன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அதிற் பிழையே இராது என்று கருதியா வெளியிட்டார்? ஏட்டிற் கிடந்ததைப் பலரும் காணும்படி வைத்தார். பின்வந்தோர் பாடவேறுபாடு கண்டனர், திருத்தினர், விளக்கினர். பெட்டிக்குள் பூட்டிய ஏட்டில் வழு இருந்தால் அது வழுவாகவே செல்லரித்துப் போகும்.

லிப்ரே ஒபிஸின் வரலாறும் அறியத்தக்கது. ஜேர்மனியில் ‘ஸ்ரார் ஒபிஸ்’ என விலைக்கு விற்கப்பட்ட மென்பொருளை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கிற்று. 2000இல் அதன் மூலநிரலை ‘ஓப்பின் ஒபிஸ்’ என்னும் பெயரால் உலகுக்குத் திறந்து வைத்தது. 2010இல் சன் நிறுவனமே ஒரக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. இதன் எதிர்காலம் யாதாகுமோ என்று ஐயுற்ற தொண்டர்கள், அவ்வாண்டு செப்ரெம்பரில் ஆவண நிறுவகம் ஒன்றை அமைத்து, அதே மூலநிரலினின்றும் லிப்ரே ஒபிஸை வளர்க்கத் தொடங்கினர். அவ்வாறு பிரிந்து செல்ல எவர் இசைவையும் அவர்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. உடையவர் மாறினாலும் நூல் மறையாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமா?

இனி, கருவி திறந்திருந்தாற் போதாது. கணக்கேடும் திறந்திருத்தல் வேண்டும். றைன்ஹாட், றொகொவ் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2010இல் எழுதிய கட்டுரையொன்று, அரசின் கடன் நாட்டு உற்பத்தியின் 90 சதவீதத்தைக் கடந்தால் வளர்ச்சி வீழும் என்று காட்டிற்று. அரசியலாளர் பலர் அதனை மேற்கோள் காட்டினர். 2013இல் அமெரிக்க மாணவராகிய தோமஸ் ஹேண்டன், அவ்வறிஞரிடமே விரிதாளைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்தபோது, சராசரி எடுத்த வாய்பாடு இருபது நாடுகளுள் ஐந்தினை விட்டுவிட்டமை தெரியவந்தது. வேறு குறைகளையும் சேர்த்துத் திருத்தியபோது, உயர்கடன் நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் அன்று, 2.2 சதவீதம் என அவரும் அவருடைய ஆசிரியர் இருவரும் எழுதினர். வாய்பாட்டுப் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டனர். தம் முடிபின் சாரத்தை மட்டும் விடவில்லை. இப்பிழை மென்பொருளின் பிழையன்று. கட்டற்ற விரிதாளிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கும். ஆயினும், ஏட்டைக் கொடுத்தமையாலன்றோ ஒரு மாணவன் பேரறிஞரைத் திருத்தல் கூடிற்று!

எம் அனுபவம் ஒன்றையும் ஈண்டுக் கூறுவேன். சில ஆண்டுகளின் முன், எமது பழைய மாணவர் ஒருவர் தொழில் விண்ணப்பத்திற்காகத் தம் புள்ளிச் சான்று வேண்டி வந்தார். அவ்வாண்டுக்குரிய காகிதப் பதிவேட்டைக் கறையான் அரித்திருந்தது. கணினிக் கோப்பு ஒன்று எஞ்சியிருந்தது. ஆனால், வழக்கொழிந்த ஒரு மென்பொருளில் எழுதப்பட்ட அதனை எம்மிடமிருந்த எதுவும் திறக்கவில்லை. பிள்ளைகள் பெற்ற புள்ளி பிள்ளைகளுக்கே எட்டாததாயிற்று. கணினி கற்பிக்கும் இளைய ஆசிரியை ஒருவர் லிப்ரே ஒபிஸை நிறுவித் திறந்து பார்த்தார். எண்கள் யாவும் செவ்வனே வந்தன. பெயர்கள் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றின. பழைய பாமினி எழுத்துருவில் அடித்தமையே காரணம். அவற்றையும் மாற்றிப் படித்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தோம். அம்மாணவர் விடைபெறுகையில், “ஐயா, என்ரை பெயர் கிடைச்சிட்டுது” என்றார். அச்சொல் இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது.

கோப்பின் வடிவம் என்பது ஏட்டின் எழுத்துப் போன்றது. படிக்கும் முறை ஒருவர்க்கே தெரிந்திருந்தால், அவரோடு அந்நூலும் போம். கல்க் இயல்பாகப் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006இல் சர்வதேச நியமமாயிற்று. அதன் இலக்கணம் எவர்க்கும் வெளிப்படை. எக்செலின் இன்றைய வடிவமும் 2008இல் நியமமாக ஏற்கப்பட்டது என்பது இவ்வியக்கம் தந்த நெருக்குதலின் நற்பயனாகவே எனக்குத் தோன்றுகிறது.

மறுப்புகள் உண்டு. எக்செலிற் பழகிய கைக்குக் கல்க் சிறிது காலம் தடுமாற்றம் தரும். ஒன்றில் எழுதிய சிக்கலான தாள் மற்றொன்றில் வடிவு குலைதலும் உண்டு. பெருநிறுவனத்தார்க்கு விலை கொடுத்து வாங்கியதே ஏற்புடையதாகலாம். அதனை யான் பழிக்கவில்லை. யான் வருந்துவது வேறொன்றிற்கு. விலை கொடுக்க இயலாத பள்ளிகளிற் பல உரிமம் இல்லாத படியை நிறுவிக்கொண்டு, அதன்மேல் ஒழுக்கப் பாடத்தின் புள்ளியையும் பதிகின்றன. களவின்மையைக் கற்பிக்கும் ஆசிரியன் களவுப் படியிற் கணக்கெழுதலாமா? நேரிய வழி எதிரே திறந்து கிடக்கும்போது இதற்குச் சாக்கும் இல்லை.

ஆதலின் என் வேண்டுகோள் சிறியது. பள்ளிப் புள்ளிகளையும் சங்கக் கணக்குகளையும் திறந்த வடிவத்திற் பேணுவோம். சராசரி எவ்வாறு வந்தது என்று மாணவன் கேட்டால் வாய்பாட்டைத் திறந்து காட்டுவோம். லிப்ரே ஒபிஸின் பட்டியல்களைத் தொண்டர்கள் தமிழிலும் ஆக்கித் தந்துள்ளனர். அச்சொற்களுட் சில செப்பமுறவில்லை என்று குறை கூறும் பண்டிதர்கள், குறையைத் திருத்தி எழுதவும் முன்வரலாம். அவ்வுரிமை நமக்கு உண்டு.

கணித ஆசிரியர் இப்போது நகைப்பதில்லை. சென்ற வாரம் யான் இட்ட வாய்பாட்டைத் திறந்து பார்த்து, வராத மாணவனுக்கும் சுழியம் இட்டுச் சராசரி எடுத்துவிட்டேன் என்று சுட்டிக் காட்டினார். யான் திருத்திக்கொண்டேன்.